வீட்டின் புறச்சுவர்: எத்தனை காலத்துக்கு ஒரு முறை?

மழைக்காலம் கழிந்து தை பிறக்கும் தறுவாயில், நமது சங்கங்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டின் வெளிச்சுவர்களை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும், வெள்ளையடிப்பது ஆண்டுக்கு ஒரு முறை போதுமா, அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை செய்தாலும் குற்றமில்லையா என்று அங்கத்தினர்கள் கேட்கின்றனர். கேள்வி சிறிது, ஆனால் விடை அத்துணை எளிதன்று. கூலி, சுண்ணாம்பு, தண்ணீர் ஆகிய மூன்றும் செலவாகும் காரியமாதலின், தேவைக்கு மேல் செய்வதும் நஷ்டம். தேவைக்குக் குறைவாகச் செய்வதும் நஷ்டம். ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் நன்று.

குமாரலிங்கபுரம் பக்கத்து நண்பர்கள் முதலிலேயே ஒரு தடை சொல்லக்கூடும். "எங்களுடையது வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் குடிநீருக்கே குடத்தை வரிசையில் வைக்கிறோம். பாசி பிடிக்கும் கவலை மலையாளத்தாருக்கும் கன்னியாகுமரியாருக்கும் உரியது, எங்களுக்கு ஏன்?" என்பர். தடை நியாயமானதே. அதற்கு விடை கூறிய பின்னரே மற்றவற்றைக் கூற வேண்டும்.

வறண்ட நாட்டில் ஈரம்

கேரளத்தில் ஓராண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நமது விருதுநகர் மாவட்டத்தில் பெய்வதோ சுமார் 800 மில்லிமீட்டர். கணக்கைப் பார்த்தால் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றே அதிகம். ஆனால் அந்த மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவிப் பெய்வதில்லை என்பதை நாம் அறிவோம். அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையே நமக்கு ஆதாரம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய அந்த மாதங்களில் வானம் மூடியே கிடக்கிறது, இரவுப்பனியும் சேர்கிறது, கொடியிற் போட்ட வேட்டி மறுநாள் வரை உலர்வதில்லை. அக்காலத்தில் நமது ஊரும் ஈர நாடே. ஒன்பது மாதம் புழுதி நாடாகவும் மூன்று மாதம் பாசி நாடாகவும் இருப்பது நமது சீமையின் இயல்பு.

மேலும் மழை கணக்குப் பார்த்தும் பெய்வதில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நமக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நமது மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழைக்கும் மேலான அளவு அது. இத்தகைய நாளில், பல மாதங்களாகக் கவனிப்பாரற்று விரிசலும் வெடிப்புமாய் நின்ற மண் சுவர் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையின்போது உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று வீடுகளின்மேல் சரிந்து 17 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். சுவரைக் கழுவுவதும் வெள்ளையடிப்பதும் அழகுக்காக மட்டும் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுவரின் ஒவ்வோர் அடியையும் கண்ணாலும் கையாலும் தொட்டுப் பார்ப்பதற்கு அதுவே வாய்ப்பு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தறியும் சுவரும்

நெசவாளர் வீட்டில் சுவருக்கும் பிழைப்புக்கும் உள்ள தொடர்பு பிறர் அறியாதது. பருத்தி நூலுக்கு ஈரம் பகையன்று, நட்பு. காற்றில் ஈரப்பதம் உள்ளபோது பருத்தி இழை வலுப்பெறுகிறது. வறண்ட காற்றிலோ பாவு இழைகள் அற்றுப் போகின்றன. அதனாலேயே பருத்தி ஆலைகளின் நெசவுக்கூடங்களில் ஈரப்பதத்தை 75 முதல் 85 சதவீதம் வரை வைத்துக்கொள்கின்றனர். குழித்தறியை நம் முன்னோர் தரைக்குள் இறக்கி அமைத்ததன் பயனும் இதுவே. மண்ணின் குளிர்ச்சி பாவைக் காக்கிறது.

இதனைக் கேட்டு, "அப்படியானால் சுவர் ஈரமாக இருப்பது நல்லதுதானே" என்று எவரேனும் கருதினால் அது பெரும் பிழை. காற்றின் ஈரம் வேறு. சுவரின் ஈரம் வேறு. நூலுக்கு நாம் கஞ்சி போடுகிறோம். அந்தக் கஞ்சி பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. ஈரச் சுவரை ஒட்டி வைத்த பாவும், மடித்து அடுக்கிய துணியும், அலமாரியின் பின்பக்கத்து நூற்கட்டும் நாலைந்து ஈர நாட்களில் பூஞ்சணம் பிடிக்கின்றன. கரும்புள்ளி விழுந்த துணியைச் சங்கத்தில் முதல் தரமாக எடுத்துக்கொள்ள இயலாது; துவைத்தாலும் புள்ளி முற்றும் போவதில்லை. ஒரு சேலையின் கூலி குறைவது, அந்த வாரத்து அரிசியில் குறைவதேயாம். வெளிச்சுவரில் கவனியாது விட்ட ஒரு பாளத்தின் விலையை வீட்டினுள் இருக்கும் துணி கொடுக்கிறது.

குடியானவர் வீட்டிலும் நிலை இதுவே. மல்லி, மிளகாய், நிலக்கடலை, கம்பு, சோளம் முதலியவற்றை மூட்டையாகச் சுவரோரம் அடுக்குவது வழக்கம். ஈரம் ஏறிய நிலக்கடலையிலும் மிளகாயிலும் வளரும் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுப்பது. சமைத்தாலும் எளிதில் அழியாதது. வியாபாரிகள் சோதித்துப் பார்த்துச் சரக்கைத் தள்ளுவதும் உண்டு. ஆகவே மூட்டையைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, மரச்சட்டத்தின் மேல் வைத்தல் வேண்டும். அதற்கு முன் சுவரையே ஈரம் ஏறாமல் காத்தல் வேண்டும்.

குமாரலிங்கபுரம் என்னும் பெயரை இன்று நாடறியும். 2023-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி மித்ரா ஜவுளிப் பூங்காக்களுள் தமிழ்நாட்டுக்கு உரியதற்கு விருதுநகர் மாவட்டத்து இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் நிலம் குறிக்கப்பட்டது. பெரிய ஆலைகள் தம் கூடங்களின் ஈரத்தை இயந்திரங்களால் அளந்து காத்துக்கொள்ளும். தறிவீட்டில் வாழும் நெசவாளிக்கு அத்தகைய இயந்திரம் இல்லை. அவருக்குச் சுவரே இயந்திரம். சுண்ணாம்பே அதன் எண்ணெய்.

சுவரில் தோன்றும் நான்கு கறைகள்

எல்லாக் கறையையும் ஒரே வகையாகக் கழுவுவது நம்மிடையே காணும் தவறு. நோய் அறிந்து மருந்து செய்வதுபோலக் கறை அறிந்து துலக்க வேண்டும். நமது வட்டாரத்துச் சுவர்களில் காணும் கறைகள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது பச்சைக் கறை. இது பாசி. பாசிக்கு நீரும் வெளிச்சமும் வேண்டும். ஆகவே அது வெளிச்சுவரில் மட்டுமே படர்கிறது. அது எங்கே படர்கிறதோ அங்கே தண்ணீர் அடிக்கடி வழிகிறது என்று பொருள். குளிக்கும் இடம், தொட்டியடி, கூரைநீர் விழும் மூலை ஆகியவற்றைப் பாருங்கள். பாசியினத்தில் சிவப்பாகவும் ஆரஞ்சு நிறமாகவும் தோன்றுவதும் உண்டு. டிரெண்டெபோலியா என்னும் பெயருடைய அது சிங்கப்பூரின் உயர்ந்த கட்டடங்களில் செந்நிறப் பட்டைகளாகப் படிகிறது. 2001-ஆம் ஆண்டு கேரளத்தில் செந்நிற மழை பெய்ததென்று நாடெங்கும் வியந்தபோது, அந்நிறத்துக்குக் காரணம் அந்த இனத்துப் பாசியின் வித்துகளே என்று ஆராய்ந்தோர் அறிவித்தனர். ஈரம் மிகுந்த நாடுகளில் பாசியின் ஆட்சி அத்தகையது.

இரண்டாவது கருப்புக் கறை. இது பூஞ்சணமாகவோ, நீலப்பச்சைப் பாசி காய்ந்து கருத்ததாகவோ இருக்கும். பூஞ்சணத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. காற்றோட்டமற்ற ஈரமே போதும். ஆதலின் இது சுவரின் வெளியிலும் உள்ளிலும் தோன்றும். வெளியே கருத்த இடத்துக்கு நேர் உள்ளே பெட்டியோ அலமாரியோ இருப்பின் உடனே நகர்த்திப் பாருங்கள்.

மூன்றாவது வெள்ளைக் கறை. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மாவு பூத்தாற்போல் தோன்றுவது உப்பு. நிலத்தின் உவர்நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சுவருக்குள் ஏறி, வெளியே வந்து உலர்ந்து உப்பை விட்டுச் செல்கிறது. இதனைத் தண்ணீரால் கழுவுவது பெருந்தவறு. கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே செல்லும். அடுத்த வெயிலில் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வெளிவரும். கோடையில் நன்கு உலர்ந்தபின் நார்த் தூரிகையால் உலர்வாகவே துடைத்து, உதிர்ந்ததை முறத்தில் அள்ளித் தூரக் கொட்டுதல் வேண்டும். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரால் சுவரைக் கழுவும் வழக்கமும் இக்கறையை நாமே வருவித்துக்கொள்வதாகும்.

நான்காவது பழுப்பு அல்லது கரிசல் நிறக் கறை. கூரையிலிருந்து விழும் நீர் தரையில் மோதி மண்ணோடு தெறிப்பதால் சுவரடியில் உண்டாவது. இதற்குக் கழுவுதல் தீர்வன்று. தெறிப்பைத் தடுக்கச் சுவரடியில் இரண்டு அடி அகலத்துக்குக் கல்லோ செங்கல்லோ பரப்பி, வெளிப்பக்கம் சாய்வாகத் தளம் இடுதலே தீர்வு. கரிசல் மண்ணுள்ள ஊர்களில் இதன் அவசியம் இரட்டிப்பு. கரிசல் நனைந்தால் பருக்கும்; காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரத்தடியில் ஓரிடம் நனைந்தும் ஓரிடம் காய்ந்தும் இருந்தால் சுவர் விரிசல் காணும். விரிசலுக்குள் மழை புகும். பின்னர் எத்தனை முறை வெள்ளையடித்தும் பயனில்லை.

சுண்ணாம்பு செய்யும் வேலை

நமது முன்னோர் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தது வெறும் பண்டிகைச் சடங்கு என்று எண்ணுவோர் உளர். அவ்வழக்கத்தினுள் அறிவு ஒன்று பொதிந்திருக்கிறது.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் விட்டால் கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப ஏற்று மீண்டும் கல்லாகிறது. கல்லிலிருந்து பிறந்து கல்லாகவே மீள்வது சுண்ணாம்பு. அருப்புக்கோட்டை வட்டத்துப் பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுவதை நம் அங்கத்தினர் அறிவர். நம் காலடியில் கிடைக்கும் பொருள் இது.

ஈரமான புதுச் சுண்ணாம்பு கடுங்காரம் உடையது. அக்காரத்தில் பாசியும் பூஞ்சணமும் பிழைப்பதில்லை. ஆனால் சுண்ணாம்பு கல்லாக மாற மாற அக்காரம் தணிகிறது. சில மாதங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே தையில் அடித்த வெள்ளை அடுத்த ஐப்பசி மழையில் பாசியைக் கொல்லும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. அப்படியானால் மழைக்கு முன் அடிக்காமல் மழைக்குப் பின் அடித்தது ஏன்? காரணங்கள் இரண்டு. மழையில் படர்ந்த பாசியையும் பூஞ்சணத்தையும், அவை வித்திட்டுப் பரவுமுன் அழிப்பது ஒன்று. பூசிய சுண்ணாம்பு மழையில் கரையாமல் இறுகிக் கல்லாவதற்குப் பல வாரங்கள் மழையற்ற காலம் கிடைப்பது மற்றொன்று. ஐப்பசியில் அவசரமாக அடித்த வெள்ளை முதல் மழையிலேயே வாசலில் பாலாக ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி, எந்தச் சுவருக்கு அதிகக் கவனம்? வடக்குச் சுவருக்கே. ஆவணி தொடங்கிப் பங்குனி முடிய நமது ஊரில் சூரியன் தென்திசை சாய்ந்து செல்கிறான். மழை மாதங்களில் வடக்குச் சுவரின்மேல் வெயில் நேராக விழுவதே இல்லை. அதே காலத்தில் மழைச்சாரலோ வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. நனைவது அதிகம், உலர்வது குறைவு. தெற்கு, மேற்குச் சுவர்கள் நாளெல்லாம் வெயில் காய்வன. நான்கு சுவருக்கும் ஒரே கணக்குப் போடுவது சிக்கனமுமன்று, நியாயமுமன்று.

எத்தனை காலத்துக்கு ஒரு முறை?

மேற்கூறியவற்றைக் கொண்டு, நமது வட்டாரத்துக்கு ஏற்ற காலக் கணக்கு ஒன்றைக் கீழே தருகிறோம்.

வாரம் ஒரு முறை: மொட்டைமாடி, கழிவுநீர் வாய்க்கால், தொட்டியடி ஆகியவற்றில் தேங்கிய நீரை வெளியேற்றுக. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகின்றன. வாரம் தவறினால் கொசு தவறாது.

மாதம் ஒரு முறை: ஒட்டடையும் தூசியும் உலர்வாகத் துடைத்தல். ஆடி மாதத்தில் இதற்கு அதிகம் உழைக்க வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். காலையில் துடைத்த சுவரில் மாலைக்குள் புழுதி படியும். காற்று ஓய்ந்தபின் செய்வதே பயன்.

ஆவணிக் கடைசியில், விதைப்பு வேலை நெருக்குமுன்: கூரை ஓடு, மாடித் தளம், மழைநீர்க் குழாய், சுவரடித் தளம் ஆகியவற்றைச் சீர்செய்தல். கோடையில் தோன்றிய விரிசல்களைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தல். வடக்குச் சுவரிலும் குளிக்கும் இடத்துச் சுவரிலும் முந்தைய ஆண்டு பாசி கடுமையாக இருந்திருப்பின், அங்கு மட்டும் ஒரு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. இப்போது மாடியைத் துப்புரவாக்குவதில் மற்றொரு லாபமும் உண்டு. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சேகரிக்கும் நீர் சுத்தமாக இருக்க மாடியே முதலில் சுத்தமாக இருத்தல் வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: கழுவுதல் வேண்டாம், கவனித்தல் மட்டும் வேண்டும். ஈரம் தோன்றிய இடத்தின் விளிம்பைக் கரித்துண்டால் கோடிட்டுத் தேதியும் எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் நீர் வரும் வழி இன்னும் அடைபடவில்லை என்று அறியலாம். சுவர் உப்பி வயிறு தள்ளினாலோ, விரிசலில் விரல் நுழைந்தாலோ அச்சுவருக்கருகில் எவரும் உறங்கலாகாது.

தை மாதம்: பாசி தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் உலரவிட்டு, வெள்ளையடித்தல். வடக்கு, கிழக்குச் சுவர்களுக்கு ஆண்டுதோறும். தெற்கு, மேற்குச் சுவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை.

பங்குனி, சித்திரையில்: உப்புப் பூத்த இடத்தை உலர்வாகத் துடைத்தல். கதவு, ஜன்னல்களுக்கு எண்ணெய் அல்லது வர்ணம்.

சிமெண்டுப் பூச்சின்மேல் புறச்சுவர் வர்ணம் அடித்த வீடுகளில் ஆண்டுதோறும் மறுவர்ணம் தேவையில்லை. கையால் தடவினால் மாவாக ஒட்டும்போதோ, தோலுரியும்போதோதான் மறுமுறை வேண்டும். கன்னியாகுமரி, நீலகிரி போன்ற ஈரப் பகுதிகளில் உறவினர் உள்ளவர்கள் அவர்களுக்கு எழுதும்போது, இக்கணக்கை இரட்டித்துக்கொள்ளச் சொல்வது தகும்.

செய்யும் முறை

பாசியைக் கழுவ ஒரு வாளி நீரும் நார்த் தூரிகையும் போதும். குழாயைத் திறந்துவிட்டுச் சுவர் முழுவதையும் நனைப்பது நமது நாட்டில் அடாத செயல். பழைய மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் அத்தனை நீரைத் தாங்கவும் மாட்டா. கம்பித் தூரிகை பூச்சைக் கீறிவிடும். கீறலில் பாசி மறுபடியும் வேர் கொண்டாற்போல் பற்றும்.

நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோவுக்குச் சுமார் 5 லிட்டர் நீர் என்ற கணக்கில் நீற்றி, குறைந்தது 24 மணி நேரம் ஊறவிட்டு, முரட்டுத் துணியில் வடிகட்டுக. மார்கழித் தொடக்கத்திலேயே நீற்றி மூடி வைத்தால் இன்னும் நல்லது. சுவரைச் சற்று ஈரமாக்கிக்கொண்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடித்தல் வேண்டும். ஒரே தடிப்பாக அடித்தது உதிரும். ஒட்டுவதற்காகக் கஞ்சியோ பசையோ சேர்ப்போர், சாரல் படும் சுவருக்கு அதனைக் குறைத்துக்கொள்க. பாவில் பூஞ்சணத்துக்கு உணவாகும் கஞ்சி சுவரில் மட்டும் உணவாகாமல் இராது.

சில எச்சரிக்கைகளை மறவாதீர். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது நல்ல நீரால் இடைவிடாது கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுக. தாமதித்தால் பார்வையே போகும். சலவைத்தூள் கரைத்துப் பாசியை அகற்றுவோர் அதனை எந்த அமிலத்தோடும் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். அக்கரைசல் தெறித்தால் சாயநூலின் நிறம் வெளுத்துவிடும் என்பதால் தறிவீட்டுப் பக்கம் அதனைத் தவிர்த்தலே அறிவுடைமை. பூச்சிமருந்து தெளித்த தெளிப்பானைச் சுவருக்குப் பயன்படுத்துதலும் ஆகாது. மின்சார மீட்டரும் கம்பியும் உள்ள பக்கத்தில் நீர் தெளிக்குமுன் மின்னோட்டத்தை நிறுத்துக. தறிக்கூடத்தின் மேல் கல்நார்த் தகடு வேய்ந்திருப்பின் அதனைத் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். அதிலிருந்து பறக்கும் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. பழைய கதவு வர்ணத்தையும் உலர்வாகச் சுரண்டலாகாது. வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி நமது நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வர்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கலாம். நீர் தொட்டுத் தேய்த்து, தூளைச் சேர்த்து அகற்றுக.

ஒரு வீண் செலவு

பழைய மண் சுவரிலும் சுண்ணாம்புச் சுவரிலும் ஈரம் கண்டவுடன், அதன்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசி, பளபளக்கும் வர்ணமும் அடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று பலர் கடன் வாங்கிச் செய்கின்றனர். முதலாண்டு சுவர் அழகாகவே இருக்கும். ஆனால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் நின்றுவிடவில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே விட்டாலும் உலர்ந்து வெளியேற வழி விட்டது. இறுகிய பூச்சு அவ்வழியை அடைத்துவிட்டது. ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்திலோ வீட்டின் உட்பக்கத்திலோ வெளிப்படும். முன்னர் முழங்காலளவு நின்ற ஈரம் இடுப்பளவுக்கு ஏறியதைக் கண்டு, "சிமெண்டு போட்டும் போகவில்லையே" என்று வியப்பர். சிமெண்டு போட்டதனாலேயே போகவில்லை என்பதே உண்மை. நமக்கு அண்மையிலுள்ள செட்டிநாட்டு வீடுகளின் மழமழப்பான சுண்ணாம்புச் சுவர்கள் தலைமுறைகளைக் கண்டும் துடைத்தால் போதுமென்று நிற்பதைப் பார்த்தேனும் நாம் தெளிதல் வேண்டும்.

சிமெண்டால் புதிதாய்க் கட்டிய வீடுகளுக்கு இக்குறை இல்லை. ஆயின் அங்கே வேறொன்று. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்களால் நமது ஊர்களில் கான்கிரீட் கூரைகள் பெருகி வருகின்றன. கான்கிரீட் மாடிக்குக் கவனிப்பே வேண்டாம் என்பது தவறான எண்ணம். மாடியில் நீர் தேங்கினால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரை பெயர்ந்து விழும். ஆவணிப் பார்வை அவ்வீடுகளுக்கும் பொருந்தும்.

சங்கம் செய்யக்கூடியது

தனித்தனியே செய்தால் இவ்வேலை ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாரம். சேர்ந்து செய்தால் இலேசு. நல்ல ஏணி ஒன்று வாங்க எல்லோராலும் இயலாது. சங்கத்தில் இரண்டு ஏணிகள் இருப்பின் தெரு முழுவதற்கும் போதும். சுண்ணாம்பைக் கூறு கூறாகச் சில்லறையில் வாங்குவதைவிட, மார்கழிக்கு முன்னரே தெருவுக்குச் சேர்த்துக் காளவாசலிலிருந்து மொத்தமாக எடுத்தால் விலையும் குறையும். நன்கு நீற்றவும் காலம் கிடைக்கும். ஒரே இடத்தில், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் நீற்றினால் கண்ணுக்கும் கைக்கும் நேரும் விபத்துகள் குறையும். முதியோரும் தனித்து வாழும் பெண்டிரும் உள்ள வீடுகளின் வடக்குச் சுவரை இளைஞர்கள் ஒரு காலைப் பொழுதில் முடித்துக் கொடுக்கலாம். ஆவணியில் ஒரு நாள் குறித்து, நிர்வாகக் குழுவினர் தெருத்தெருவாகச் சென்று சாய்ந்த சுவர்களைக் கண்டு எச்சரித்தல், சங்கம் தன் அங்கத்தினர்க்குச் செய்யும் பெரும் உபகாரமாகும்.

ஆகவே, எத்தனை காலத்துக்கு ஒரு முறை என்ற கேள்விக்குச் சுருக்கமாக விடை கூறுவதாயின் இதுவே: தண்ணீர் தேங்கும் இடத்துக்கு வாரம் ஒரு முறை, கூரைக்கும் விரிசலுக்கும் மழைக்கு முன் ஒரு முறை, வடக்குச் சுவருக்கு மழைக்குப் பின் தவறாமல் ஒரு முறை. மற்றச் சுவர்கள் பொறுத்துக்கொள்ளும். வருகிற தையில் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்க்குமுன், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டின் வடக்குப் புறத்தை ஒருமுறை சுற்றி வந்து, சுவரில் கை வைத்துப் பார்ப்பாராக. உள்ளே தறியில் ஓடும் பாவுக்கும், மூலையில் அடுக்கிய மூட்டைக்கும், அச்சுவரோரம் உறங்கும் குழந்தைக்கும் அதுவே காவல்.